ஒரே கம்பியில் தொங்கும் திரை

டாக்டர் ஆன்சல் ப்ரூவிட் கோல்டர் க்ரீக்கை விட்டுக் கிளம்பியது மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் மாநில சட்டசபையில் அந்த மசோதாவை மறுபடியும் கொண்டுவந்திருந்தார்கள். ரோட்டில் பனி உருகாமல் இறுகிக் கிடந்தது. காரின் பின்சீட்டில் அவருடைய சின்னப் பெண்கள் இருவரும் போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள். முன்சீட்டில் மனைவி, ஊரைப் பார்க்காமல் தன் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியனுப்ப வந்தது ஒரே ஆள், கிளினிக்கின் நர்ஸ் லவோன் ஸ்கார். கையில் வான்கோழி சாண்ட்விச் பொட்டலமும் காப்பி ஃப்ளாஸ்க்கும் வைத்திருந்தாள்.

“எம்மேல கோவமா, லவோன்?”

“கோவமெல்லாம் இல்ல டாக்டர். சின்னப் புள்ளைங்கள வச்சிருக்கீங்க. லைசென்ஸ் போச்சுன்னா வேற என்ன தொழில் தெரியும் உங்களுக்கு? மாடு பிடிக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பப் போங்க. பெரியவளுக்கு வண்டியில வாந்தி வரும், ஜன்னல் பக்கம் உக்கார வைங்க.”

அவர் சாவியைத் திருப்பினார். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டார். “எம்மெட்?”

“எம்மெட்ட நான் பாத்துக்கறேன்.”

கார் தானியக் கிடங்கைத் தாண்டி மறையும்வரை அவள் நின்றாள். பிறகு உள்ளே வந்து அடுப்பில் காப்பியை வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு எட்டு மணிக்கே ஒரு கட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். கர்ட் ஆம்டாலின் மகன் எம்மெட்டுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. பிறந்தபோது பெண் என்று சொன்ன குழந்தை. பேசத் தெரிந்த நாளிலிருந்தே அவன் அப்படி இல்லை என்பது அவன் வீட்டுக்குத் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் நாள் பிடித்தது. தூரத்து நகரத்து நிபுணர்களிடம் வருஷக்கணக்கில் போய்வந்த பிறகு ஆண் ஹார்மோன் ஊசி ஆரம்பமானது. அதைத் தொடர்ந்து போட்டுக்கொள்ள ஊர் கிளினிக் போதும் என்று நிபுணர்களே எழுதிக்கொடுத்தார்கள். ஊசி நின்றுபோனால் ஆம்டால் குடும்பம் பண்ணையை விற்றுவிட்டு வேறு மாநிலம் போவது என்று கர்ட் முடிவு செய்திருந்தார். அந்தப் பண்ணை அவருடைய தாத்தா வேலி போட்டது.

பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் இந்த வைத்தியம் கூடாது என்று சட்டசபை முந்தின வருஷமே சட்டம் போட்டிருந்தது. மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. நோயாளிக்கும் வைத்தியம் பார்ப்பவருக்கும் நடுவில் நடப்பது அவர்களுடைய அந்தரங்கம், அதற்குள் அரசாங்கம் நுழைய மாநில அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று தீர்ப்பு. சட்டசபைக்காரர்கள் தீர்ப்பைப் படித்தார்கள், மடித்து வைத்தார்கள், அதே சட்டத்துக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை கூடுதலாக ஒரு கொக்கி. அந்த வைத்தியம் பார்க்கும் எந்த இடத்துக்கும் அரசாங்கப் பணம் கிடையாது, பார்ப்பவரின் லைசென்ஸும் ரத்து. நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் இதைத்தான் அமல்படுத்தப்போகிறோம் என்று மேடையிலேயே பேசினார்கள்.

டாக்டர் கிளம்பியதும், மருந்து எழுதிக்கொடுக்க உரிமையுள்ள ஆள் என்று அந்த மாவட்டத்தில் மிஞ்சியது, அதற்கென்று கூடுதல் படிப்பு முடித்திருந்த லவோன் மட்டும்தான்.

அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். நெட்டை, தோள் அகலம், குரல் அதைவிட அகலம். கணவன் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வரும். அதை அவள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவைப்பாள். “மீனு நல்லாயிருக்கு படத்துல” என்பாள், அவ்வளவுதான்.

அவள் ஊசி போட்டால் வலிக்காது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அதனால் மே மாதத்தில், எந்தப் பண்ணையது என்று தெரியக் கன்றுகளுக்குச் சூடு போடும் நாட்களில் ஒவ்வொரு பண்ணையிலும் தடுப்பூசித் துப்பாக்கி அவள் கைக்குத்தான் வரும். இன்னொருவர் பண்ணையில் சூடு போடுகிற நாளென்றால் அக்கம்பக்கத்துக்காரர்கள் கூப்பிடாமலே போய் நிற்பார்கள். போகாதவன் பெயர் அடுத்த பத்து வருஷத்துக்கு அடிபடும். “மனுஷனுக்குப் போட்ட ஊசியக் கழுவிட்டுத்தான மாட்டுக்குப் போடுற?” என்று ஆண்கள் கேலி செய்வார்கள். “மாட்டுக்குப் போட்டதத்தான் கழுவாம உங்களுக்குப் போடறேன்” என்பாள்.

கிளினிக்கில் ஒரே அறை, இரண்டு கட்டில். நடுவே ஒரு இரும்புக் கம்பியில் அவளே தைத்த பச்சைத் திரை. சொத்துச் சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே காலையில் இரண்டு கட்டிலிலும் படுத்திருந்தார்கள். ஒருவன் தும்மும்வரை மற்றவனுக்குத் தெரியாது. தும்மலைக் கேட்டதும் தம்பி, “இது எங்க வீட்டுத் தும்மல்” என்றான். அப்போதுகூட லவோன் வாய் திறக்கவில்லை. யார் கர்ப்பம், யார் குடிக்கிறான், யாருடைய கை எதனால் உடைந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் மூலமாக ஊருக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.

டாக்டர் போன வாரமே எம்மெட் வந்தான். தொப்பியைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

“டாக்டர் ஓடிட்டாராமே.”

“போனாரு. ஓடல. கார்லதான் போனாரு.”

“நீங்க எப்ப ஓடப் போறீங்க?”

“எனக்கு முட்டி வலி. ஓட முடியாது. தொப்பியக் கழட்டு, வீட்டுக்குள்ள வந்திருக்க.”

அவன் கழற்றினான். மேலுதட்டில் நாலைந்து முடி. அதை அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “எப்படியிருக்கு?” என்றான்.

“பூனை தேவல.”

அவன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. “அப்பா வடக்கு மேய்ச்சல் நிலத்த விலை பேச ஆள வரச் சொல்லியிருக்காரு. என்னால. அந்த நெலத்தோட அவரு என்கூடப் பேசறதவிட அதிகமாப் பேசிட்டிருப்பாரு.”

“கோர்ட்டு இன்னும் இருக்குல்ல?”

“கோர்ட்டு சொன்னத இவனுங்க கேக்கலையே.”

“இவனுங்க கேக்கலைன்னா நாமளும் கேக்கக் கூடாதா? யாராச்சும் ஒருத்தர் கேக்கணும்ல. கோர்ட்டு போடலாம்னு சொல்லுது, நான் போடறேன். தொடைய நீட்டு.”

அதற்கடுத்த வியாழக்கிழமை, கிளினிக் மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கட்டடத்தின் பின்னால் ஒரு சாம்பல் நிற பிக்கப் வண்டி வந்து நின்றது. வந்தவர் ராய்ஸ் ஹேம்ப்ளின். மாவட்டத்தின் சட்டசபை உறுப்பினர். லவோனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த மசோதாவில் கையெழுத்திட்டவர்களில் மூன்றாவது பெயர் அவருடையது.

சில வருஷங்களுக்கு முன் தலைக்குள் ஒரு கட்டியை எடுத்ததிலிருந்து அவர் உடம்பு அந்த ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்திவிட்டது. ஊசி இல்லாவிட்டால் நாற்காலியிலிருந்து எழக்கூடத் தெம்பு இருக்காது. எம்மெட்டுக்குப் போடுகிற அதே மருந்து. அதே பூட்டிய அலமாரியிலிருந்து வருவது. இது தெரிந்தவர்கள் அவர், அவர் மனைவி நதீன், லவோன், போய்விட்ட டாக்டர். குதிரைமேல் உட்கார்ந்து ஓட்டுக் கேட்கிற மனிதருக்கு இது வெளியே தெரிவதைவிடக் குதிரையிலிருந்து விழுந்து சாவது மேல்.

அவர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் குப்புறப் படுத்தார்.

“ஏம்ப்பா ராய்ஸ், மறுபடியும் கொண்டு வந்துட்டீங்களாம்?”

“கொண்டு வந்தோம்.”

“கோர்ட்டு ஆகாதுன்னு சொல்லிச்சே.”

“கோர்ட்டுங்கறது யாரு? கறுப்பு அங்கி போட்ட ஏழெட்டுப் பேரு. என்னைய அனுப்புனது இந்த மாவட்டம்.”

“அதுல நானும் ஒருத்தி. எல்லா தடவையும் ஓட்டு உனக்குத்தான் போட்டேன். தெற்கு ரோட்டப் போட்டுக் குடுத்த, ஆம்புலன்ஸ் வாங்கிக் குடுத்த. ரோடு போடத்தான் அனுப்புனேன். இந்தத் திரைக்குள்ள எட்டிப் பாக்க அனுப்பல.”

“அது வேற, இது வேற. எனக்கு வியாதி.”

“யாருக்கு என்னன்னு நான் கேட்டேனா?”

“பேசாம குத்தித் தொலை லவோன்.”

“குத்தியாச்சு. பேன்ட்ட ஏத்து.”

அவர் எழுந்து சட்டையைச் செருகினார். கதவருகே நின்று, “சட்டசபைக் குழு முன்னாடி பேச வரப் போறியாமே?” என்றார்.

“வரேன்.”

“என்ன பேசப் போற?”

“ரெண்டு நிமிஷம்தான குடுக்கறீங்க. அதுல என்ன பேச முடியுமோ அது.”

அவர் கொஞ்சம் வெளுத்துப்போய்க் கிளம்பினார்.

சட்டசபைக் குழு மசோதாவைப் பற்றிப் பொதுமக்களின் பேச்சைக் கேட்கும் நாள் ஏப்ரலில் வந்தது. கர்ட்டுக்குப் பசுக்கள் ஈனும் சமயம், நகர முடியவில்லை. எம்மெட் லவோனோடு வந்தான். தலைநகரம் மலைக்கு அந்தப் பக்கம். ஊரைத் தாண்டி ரொம்ப தூரம் வந்திருந்தார்கள். எம்மெட் திடீரென்று கேட்டான்.

“ராய்ஸ் ஹேம்ப்ளின் வண்டி ஏன் கிளினிக்குக்குப் பின்னாடி நிக்குது?”

“நிழலா இருக்கும்.”

“சாயங்காலத்துலயா? லவோன், நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. நான் போட்டுக்கற ஊசியப் பத்தி நான் படிச்ச அளவுக்கு எந்த டாக்டரும் படிச்சிருக்க மாட்டாரு. தலையில ஆபரேஷன் ஆனவங்களுக்கு அது எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தாடி கொட்டிப் போச்சு, அப்புறம் திரும்பி வந்துச்சு. ஊரே பாத்துச்சு.”

அவள் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

“இன்னிக்கு அங்க சொல்லுங்க. ஒரே ஒரு வரி. மசோதா அங்கயே செத்துப் போகும். எங்க அப்பா நெலத்த விக்க வேணாம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியும்!”

“இங்க பாரு எம்மெட். கிளினிக்குல ஒரு கம்பிதான் இருக்கு. ஒரு திரைதான் தொங்குது. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். எனக்குப் பிடிக்காதவன்னு அவன் பக்கம் இழுத்துத் தொறந்தேன்னு வை, உன் பக்கம் மூடியா இருக்கும்?”

“அவன் என்னோடதத் தொறக்கத்தான பாக்கறான்!”

“அவன் தொறக்கப் பாக்கறான். அதுக்காக நானும் தொறக்கணுமா?”

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

குழு அறையில் மரப்பலகைச் சுவர், நீண்ட மேசை, அதற்குப் பின்னால் உறுப்பினர்கள். ராய்ஸ் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சில் நதீன், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. அவள்தான் கோல்டர் க்ரீக் கிளினிக் நிர்வாகக் குழுவின் தலைவியும். எம்மெட் முதலில் பேசினான். குரல் ஓரிடத்தில் உடைந்தது. உடைந்ததும், “மன்னிக்கணும், இது ஊசியோட வேலை” என்றான். எதிர்த்தரப்பில்கூட இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

லவோன் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்குத் தூக்கினாள்.

“நான் நர்ஸு. கோர்ட்டு சொன்னது எனக்குப் புதுசா ஒண்ணும் தெரியல. திரைக்குள்ள நடக்கறது திரைக்குள்ளயேன்னு எனக்கு முன்னாடியே தெரியும், இப்ப கோர்ட்டும் அதையே சொல்லுது. நீங்க இன்னொரு தடவை சட்டம் போட்டாலும் கோர்ட்டு வேணாம்னு சொல்றவரைக்கும் நான் நிறுத்த மாட்டேன். இத ஒளிஞ்சு மறைஞ்சு செய்யக் கூடாதுன்னுதான் உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போக வந்தேன்.”

குழுத் தலைவர் ஒரு வக்கீல். மூக்குக் கண்ணாடியை இறக்கினார். “தைரியமாப் பேசறீங்க. சரி. உங்க கிளினிக்குல இந்த மருந்து யாரு யாருக்குப் போகுது? வயசு, காரணம், சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறோம்.”

ராய்ஸ் தண்ணீர் தம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை, வைத்தார். எம்மெட் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து லவோனையே பார்த்தான்.

“சொல்ல மாட்டேன்” என்றாள் லவோன்.

“இது சட்டசபைக் குழு, அம்மா.”

“தெரியும். வாசல்ல எழுதியிருக்கு.”

“பேர் வேண்டாம். பெரியவங்க இருக்காங்களா, சின்னவங்க மட்டுமா? அதையாவது சொல்லுங்க.”

இதைவிட அகலமாக யாரும் கதவைத் திறந்துவைத்திருக்க முடியாது. ‘பெரியவங்களும் இருக்காங்க, உங்க மேசையிலயே’ என்று சொன்னால் போதும், அதுகூட வேண்டாம், ஓரத்து நாற்காலியை ஒரு தடவை பார்த்தாலே போதும். லவோன் தலைவரின் டையில் குத்தியிருந்த ஊக்கையே பார்த்தாள்.

“ஒருத்தரப் பத்தியும் சொல்ல மாட்டேன். அவரு யாரா இருந்தாலும் சரி.”

“சம்மன் அனுப்ப வேண்டியிருக்கும்.”

“அனுப்புங்க. அஞ்சலகம் எங்க கிளினிக்குக்கு எதுத்தாப்பலதான்.”

மணி அடித்தது. இரண்டு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. அவள் எழுந்து வந்து எம்மெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

மசோதா குழுவைத் தாண்டியது, அந்த மாதமே சபையையும் தாண்டியது. ராய்ஸ் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார். செய்தியை எம்மெட்டே கிளினிக்குக்குக் கொண்டுவந்தான்.

“பாத்தீங்களா? அவருக்காக வாய மூடிக்கிட்டு நின்னீங்க. என்ன கிடைச்சுது?”

“அவனுக்காக நிக்கல.”

“பின்ன யாருக்காக?”

“நீ வரதுக்கு ஒரு எடம் இருக்கணும்ல. வாயத் தொறந்திருந்தா அப்புறம் இது என் வீட்டுக் கூடம், கிளினிக்கு இல்ல. யாரும் வர மாட்டான்.”

“பெரிய்ய நியாயம்” என்றான் அவன். ஆனாலும் தொடையை நீட்டினான்.

மே மாதத்தில் ஹேம்ப்ளின் பண்ணையில் சூடு போடும் நாள் வந்தது. போகப் போவதில்லை என்று எம்மெட் சொன்னான். கர்ட் காப்பிக் குவளையை மேசைமேல் வைத்தார்.

“போன வருஷம் எனக்கு முதுகு பிடிச்சப்ப ராய்ஸ்தான் குதிரையக் கூட்டிட்டு வந்து நம்ம கன்னு அத்தனையும் கயிறு போட்டான். அவன் அங்க எப்படி ஓட்டுப் போடறான்ங்கறது அங்க. கன்னு என்ன பண்ணுச்சு? பூட்ஸ மாட்டு.”

போனார்கள். லவோன் ஏற்கெனவே ஊசித் துப்பாக்கியோடு தயாராக நின்றாள். தூசி, தீயில் பழுத்த இரும்பு, கருகும் மயிரின் நாற்றம், தாயைத் தேடிக் கத்துகிற கன்றுகள். ராய்ஸ் குதிரைமேலிருந்து கயிறு வீசிக் கன்றுகளைக் கால் பிடித்து இழுத்து வருவார். இரண்டிரண்டு பேராகப் பையன்கள் பாய்ந்து கீழே அமுக்க வேண்டும். அந்தப் பண்ணையில் பழைய வழக்கம் இன்னும் மாறவில்லை. அமுக்குவது பையன்கள், ஊசி போட்டதற்கு அடையாளமாக முதுகில் சாயக் கோடு இழுப்பது பெண்கள். எம்மெட் போன வருஷம்வரை சாயக் குச்சியோடு நின்றவன். இன்றைக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் வேலியோரம் நின்றான். ராய்ஸ் சபையில் அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘கர்ட்டோட பொண்ணு’ என்றுதான் சொல்லியிருந்தார்.

நடுக்காலையில் ஒரு முரட்டுக் கன்று வந்தது. பிந்திச் சூடு போடுவதால் நன்றாக வளர்ந்துவிட்ட காளைக் கன்று. அமுக்க வந்த இரண்டு பேரில் ஒருவனை உதைத்துத் தள்ளியது. கயிறு இறுகுகிறது, குதிரை பின்வாங்குகிறது, புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. ராய்ஸ் தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய் எம்மெட்! அங்க என்னடா வேடிக்கை? பின்னங்காலப் பிடிடா! இந்தப் பயலுகளுக்குப் பலம் பத்தல!”

எம்மெட் யோசிக்காமல் பாய்ந்தான். காலைப் பிடித்து இழுத்துப் பின்னால் உட்கார்ந்தான், கன்று விழுந்தது. அப்போதுதான் சுற்றிலும் சத்தம் குறைந்திருப்பது தெரிந்தது. தான் என்ன சொன்னோம் என்பது ராய்ஸுக்கும் அப்போதுதான் உறைத்தது. முகம் சிவந்தது, அது வெயிலாகவும் இருக்கலாம். லவோன் சிரிப்பை மறைக்கக் கன்றின்மேல் குனிந்து ஊசியைப் போட்டாள். சாயக் குச்சியோடு நின்ற நதீன் மட்டும் மறைக்கவில்லை.

“சொல்லிட்டீங்கல்ல, அப்படியே அடுத்ததுக்கும் அவனயே கூப்பிடுங்க” என்றாள் புருஷனிடம். “நல்லாப் பிடிக்கறான்.”

அன்று முழுக்க எம்மெட் பையன்களோடுதான் அமுக்கினான். சாப்பாட்டு மேசையில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் வரிசையாக வந்தபோதும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ‘உன் பக்கத்து ஆளுக்கு ரொட்டியத் தள்ளு’ என்பதோடு சரி.

அதற்கப்புறம்தான் கடினமானது வந்தது. கிளினிக் புது சட்டத்துக்குக் கட்டுப்படுகிறதா இல்லையா என்று மேலிடத்திலிருந்து கேட்டுக் கடிதம் வந்தது. இல்லை என்றால் பணம் நிற்கும். நிர்வாகக் குழு தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடியது. ஐந்து பேர். ஊரில் பாதி சுவரோரம் நின்றது. ராய்ஸ் காப்பிப் பாத்திரத்தின் பக்கத்தில், தொப்பி கையில். கட்டுப்பட்டுவிடுவோம், கிளினிக் போனால் மாரடைப்புக்காரன் எங்கே போவான் என்றார்கள் இரண்டு பேர். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள் இரண்டு பேர். லவோனைக் கேட்டார்கள்.

“கோர்ட்டு தள்ளுன சட்டமும் இதுவும் ஒண்ணுதான். அதே கன்னு. மேல இருந்த சூட்ட அழிச்சிட்டு வேற சூடு போட்டிருக்காங்க. நம்ம பக்கத்துல சூடு மாத்தறவனுக்கு என்ன பேருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

கூடம் வெடித்துச் சிரித்தது. மாட்டுத் திருடன் என்ற சொல்லை அந்த ஊரில் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ராய்ஸ் காப்பியை உறிஞ்சினார்.

“நிறுத்தச் சொன்னீங்கன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன்” என்றாள் அவள். “மிரட்டறேன்னு நினைக்காதீங்க. ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தன வாசல்ல நிறுத்த எனக்கு வராது.”

எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள். நதீன் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“கோர்ட்டு உத்தரவு நிக்குது. கிளினிக்கு இப்ப நடக்கறபடியே நடக்கும்” என்றாள் நதீன். “என் ஓட்டு அது. அடுத்தது. கூரை ஒழுகறதப் பத்தி யாரோ பேசணும்னாங்களே?”

கூட்டம் கலைந்ததும் வெளியே லவோனின் வண்டியருகே நதீன் வந்தாள். “அன்னிக்கு கடைசி பெஞ்சுல இருந்தேன். கார் சாவிய விரலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு. நீ சொல்லிட்டேன்னா இவர எந்தக் கதவு வழியாக் கூட்டிட்டுப் போறதுன்னு பாத்து வச்சிருந்தேன்.”

“உன் முகத்தப் பாத்தா தெரிஞ்சுது.”

“நீ சொல்லியிருந்தா நியாயமாத்தான் இருந்திருக்கும் லவோன்.”

“நியாயமாத்தான் இருந்திருக்கும்” என்றாள் லவோன். “அவனுக்கு வியாழக்கிழமை. மறக்காம அனுப்பு.”

கோடையில் பணத்தை நிறுத்தினார்கள். சர்ச் அடித்தளத்தில் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் விற்றும், பழைய டிராக்டர்களை ஏலம் விட்டும் ஊர் கிளினிக்கை ஓட்டியது. ஏலத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு டிராக்டரை ராய்ஸ் எடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இலையுதிர் காலத்தில் நீதிமன்றம் இரண்டாவது சட்டத்தையும் முதலாவதைப் போலவே தள்ளியது, நிறுத்திய பணத்தைக் கொடுக்கவும் சொன்னது. சட்டசபை அடுத்த கூட்டத்தில் மூன்றாவதைக் கொண்டுவந்தது. அந்த ஓட்டெடுப்பில் ராய்ஸின் நாற்காலி காலி. பசு ஈனுவதில் சிக்கல் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் பசுக்கள் எல்லாமே அந்த வருஷம் முன்கூட்டியே ஈன்றுவிட்டன என்பது பக்கத்துப் பண்ணைகளுக்குத் தெரியும். அவர் மனம் மாறிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் போகவில்லை, அவ்வளவுதான்.

வடக்கு மேய்ச்சல் நிலம் விற்கப்படவில்லை. எம்மெட் தன் பதினெட்டாவது பிறந்தநாளன்று கிளினிக்குக்கு வந்து, “இனிமே என்னைய எந்தச் சட்டமும் தொட முடியாது, கேக் எங்க?” என்றான். லவோன் முந்தின நாளே ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்துப் பை பலகாரம் சுட்டு வைத்திருந்தாள். அதில் பெரிய துண்டைக் கர்ட் சாப்பிட்டார். பிறகு எழுந்து போய் ஜன்னலருகே நின்று, வெளியே ஒன்றுமே இல்லாத இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

அதற்கப்புறம் சில குளிர்காலங்கள் போயின. புது டாக்டர் யாரும் வரவில்லை. லவோனின் முட்டிக்கு ஆபரேஷன் ஆயிற்று, அதற்கு அவள் எடுத்த விடுப்பைவிடத் திட்டித் தீர்த்ததுதான் அதிகம். ஒரு நாள் மதியம் முட்டை சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். தெரியாத எண். மாநிலத்தின் கிழக்கு எல்லைப் பக்கத்தது.

“மேடம், என் பேரு டெல்ஃபின் ரோச். எங்கள உங்களுக்குத் தெரியாது. கோர்ட்டு இந்த வைத்தியம் சரின்னு சொன்னப்புறமும் இங்க பயந்துக்கிட்டு யாரும் என் பொண்ணப் பாக்க மாட்டேங்கறாங்க. அவளுக்குப் பதினஞ்சு. கோல்டர் க்ரீக்ல ஒரு நர்ஸு இருக்காங்க, சட்டசபையே கேட்டும் ஒருத்தர் பேரக்கூடச் சொல்லலன்னு என் மாமியார் எங்கயோ கேட்டுட்டு வந்தாங்க. அது நீங்கதானா? செவ்வாக்கிழமை வரலாமா? காலையில கிளம்புனா சாயங்காலம் வந்துருவோம். அவ யார்கிட்டயும் பேச மாட்டா, அது பரவால்லயான்னு மட்டும் சொல்லுங்க.”